இரண்டாம் எழுத்தறிவு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கணக்கைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்கேனும் தோன்றக்கூடும். பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கட்டாயமாகக் கற்பிக்கத்தக்கது நிரலாக்கமா, நுண்கணிதமா என்னும் வழக்கு கணித ஆசிரியர்களும் கணிப்பொறியாளர்களும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு என்றே பலரும் கருதி வந்துள்ளனர். ஆனால் அந்த வழக்கைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையான ஒருவர், தம் கோரிக்கைக்குப் பெயர் சூட்ட மொழியாசிரியரிடமிருந்தே ஒரு சொல்லை இரவல் வாங்கினார். அச்சொல் 'எழுத்தறிவு' என்பது. இரவல் கொடுத்தவர்களுக்கு, கொடுத்த பொருள் என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை உண்டு.

1981ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில், கல்வியில் கணிப்பொறி பற்றிய மூன்றாம் உலக மாநாடு கூடியது. சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகருக்கு அருகேயுள்ள அறிவியல் குடியிருப்பிலிருந்து வந்த அந்திரேய் யெர்ஷோவ் அங்கு ஓர் உரை நிகழ்த்தினார். 'நிரலாக்கம் - இரண்டாம் எழுத்தறிவு' என்பது அவ்வுரையின் தலைப்பு. அச்சுப்பொறி வந்ததும் எழுத்தறிவு சிலருடைய தொழில் என்ற நிலை மாறி எல்லாருடைய உடைமையும் ஆனது. அதுபோலவே கணிப்பொறி வந்ததும் நிரல் எழுதும் திறமும் எல்லாருக்கும் உரியதாகும் என்பது அவருடைய வாதம். மனிதர் தம் அன்றாட வாழ்விலேயே நிரல்களால் சூழப்பட்டிருக்கிறார்கள். தாம் செய்யப்போவதை முன்கூட்டி வரிசைப்படுத்தி வைக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, நிரலாளரே என்று அவர் கருதினார். மாநாட்டு மேடைகளில் இத்தகைய பேச்சுகள் எழுவதும் அடங்குவதும் இயல்பு. இது அடங்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 1985ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், சோவியத் ஒன்றியத்தின் பள்ளிகள் அனைத்திலும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 'தகவலியல், கணிப்பொறித் தொழில்நுட்ப அடிப்படைகள்' என்னும் கட்டாயப் பாடம் தொடங்கியது.

அதே வகுப்புகளில் நுண்கணிதம் அதற்கு முன்பே குடியேறியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவரான அந்திரேய் கல்மகோரவ் தலைமையில் 1970களில் நடந்த பாடத்திட்டச் சீர்திருத்தம், வகைக்கெழுவையும் தொகையீட்டையும் உயர்நிலை வகுப்பு மாணவர் எல்லாருக்கும் உரியதாக்கியிருந்தது. ஆகவே இரண்டில் எது கட்டாயம் என்று பிற நாட்டினர் மேடைகளில் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டையும் ஒருசேரக் கட்டாயமாக்கிப் பார்த்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாடு 1991இல் மறைந்துவிட்டது. அது நடத்திய சோதனையின் பாடம் மறையவில்லை.

யெர்ஷோவ் வெறும் கையோடு இம்முயற்சியில் இறங்கவில்லை. அவருடைய மாணவரும் தோழருமான கென்னாதி ஸ்வெனிகரோத்ஸ்கி, சிறுவர்களுக்கென்றே 'ரோபிக்' என்னும் நிரல்மொழியை வடிவமைத்திருந்தார். 1979ஆம் ஆண்டிலிருந்து, 'க்வாந்த்' என்னும் புகழ்பெற்ற கணித, இயற்பியல் இதழில், அஞ்சல்வழி நிரலாக்கப் பள்ளி ஒன்றை அவர் நடத்தினார். கணிப்பொறியைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளைகள் தாளில் நிரல் எழுதி, உறையிலிட்டு, நோவோசிபிர்ஸ்குக்கு அனுப்பினர். நிரல் என்பது அப்பிள்ளைகளுக்கு ஒரு கடிதமாக இருந்தது. தன் எண்ணத்தைத் தெளிவாகச் சொல்லத் தவறினால் மறுமுனையில் இருப்பவருக்குப் புரியாது என்னும் அச்சத்தோடு எழுதப்பட்ட கடிதம். ஸ்வெனிகரோத்ஸ்கி 1984ஆம் ஆண்டு, முப்பத்திரண்டு வயதில் காலமானார். தம் கனவு நாடு முழுவதற்குமான பாடமாவதைக் காண அவருக்கு ஓராண்டு போதவில்லை.

1985ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கணித, இயற்பியல் ஆசிரியர்களுக்கு அவசரப் பயிற்சி அளிக்கப்பட்டது. யெர்ஷோவும் மனாகவும் பதிப்பாசிரியர்களாக இருந்து உருவாக்கிய பாடநூல் அச்சேறியது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் கணிப்பொறி என்று ஒன்று இல்லவே இல்லை. இதைக் கேட்டு நகைத்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நீச்சல் கற்பிக்கத் தொடங்கிவிட்டு, தண்ணீர் பிறகு வரும் என்றார்களாமே என்பது போன்ற நகைப்பு அது.

அந்த நகைப்பு அவசரமானது என்பதைப் பாடநூலைப் புரட்டினால் அறியலாம். பாடத்துக்கென யெர்ஷோவ் ஒரு 'பள்ளி வழிமுறை மொழி'யைப் படைத்திருந்தார். அதன் கட்டளைச் சொற்கள் யாவும் உருசிய மொழிச் சொற்கள். தொடக்கம், முடிவு, எனில், இல்லையேல் என்பவற்றுக்கு உரிய அன்றாடச் சொற்களும் அவற்றின் சுருக்கங்களும் ஆகும். மாணவர் ஒரு வழிமுறையை எழுதுவார். பிறகு தாமே இயந்திரமாகி, தாளில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு மாறியின் மதிப்பு என்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டே போவார். இயந்திரத்துக்கு ஊகம் கிடையாது. 'இப்படித்தான் சொல்ல வந்தேன்' என்று பிறகு விளக்கம் கூறவும் இடம் கிடையாது. தான் எழுதியதைத் தானே இயந்திரமாக நின்று நிறைவேற்றும் பிள்ளை, தன் சொல்லுக்கும் தன் கருத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைத் தாளிலேயே கண்டுகொள்கிறது. உரைநடை கற்பிக்கும் எந்த ஆசிரியரும் தம் மாணவரிடம் காண ஏங்கும் திறம் இதுவன்றோ!

சில பிள்ளைகளுக்குக் கையடக்கமான ஒரு கருவி கிடைத்தது. 'எலெக்ட்ரோனிக்கா பி3-34' என்னும் நிரலேற்றத்தக்க கணக்கிடு கருவி அது. அதில் இடக்கூடிய நிரல் 98 படிகளுக்கு மேற்படாது. 'தேக்னிக்கா மலதியோழி' என்னும் இளைஞர் இதழ் 1985ஆம் ஆண்டு மிகயீல் பூகவ் எழுதிய அறிவியல் தொடர்கதை ஒன்றை வெளியிடத் தொடங்கியது. நிலவிலிருந்து பூமிக்குத் திரும்ப வேண்டிய ஒரு சிறு கலத்தின் கதை. ஒவ்வொரு பகுதியோடும் ஒரு நிரல் அச்சிடப்பட்டிருக்கும். வாசகர் அதைத் தம் கருவியில் ஏற்றி, எவ்வளவு எரிபொருளை எவ்வளவு நேரம் எரிப்பது என்று தாமே தீர்மானித்து, கலத்தைத் தரையிறக்க வேண்டும். தப்புக் கணக்குப் போட்டால் கலம் தரையில் மோதி நொறுங்கும். படம் இல்லை, ஒலி இல்லை; திரையில் சில எண்கள் மட்டுமே. ஆயினும் அந்த எண்களில் பிள்ளைகள் உயரத்தையும் வேகத்தையும் கண்டனர்.

இந்த விளையாட்டு சற்று நின்று நோக்கத்தக்கது. நிரலாக்கமா நுண்கணிதமா என்னும் வழக்கு கரைந்து போகும் இடம் இதுவே. கலத்தின் வேகம் நொடிக்கு நொடி மாறுகிறது. மாறும் வேகத்தில் கடக்கும் தூரத்தை எப்படிக் காண்பது என்பது நுண்கணிதத்தின் தாய்க் கேள்வி. எளிய எடுத்துக்காட்டாக, உயரத்திலிருந்து கைவிடப்பட்ட ஒரு கல்லை நினைத்துக்கொள்க. அதன் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 10 மீட்டர் அளவு கூடுகிறது என்று கணக்கு எளிமைக்காக வைத்துக்கொள்க. முதல் ஒரு நொடியில் கல் எவ்வளவு தூரம் விழும்? நொடியைப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொரு கூறின் தொடக்கத்தில் இருந்த வேகமே அக்கூறு முடியும்வரை நீடிக்கிறது என்று கருதிக் கூட்டினால் 4.5 மீட்டர் வருகிறது. நூறு கூறாக்கினால் 4.95. ஆயிரம் கூறாக்கினால் 4.995. கூட்டலையும் பெருக்கலையும் தவிர வேறெதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஆயிரம் முறை அலுக்காமல் கூட்ட ஓர் ஆள் மட்டும் வேண்டும், அதற்குத்தான் நிரல். நுண்கணிதமோ, கூறுகள் எல்லையின்றிச் சிறுத்தால் விடை 5 என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அந்த மூன்று எண்களைப் பார்த்ததும் அடுத்த எண்ணைச் சொல்லிவிடும். எங்கே போய் முடியும் என்று கேட்டால் ஐந்து என்றும் சொல்லிவிடும். எல்லை என்னும் கருத்து அங்கே பிறந்துவிட்டது. அதற்கு எப்சிலானும் டெல்டாவும் வந்து சாட்சி சொல்வது பிறகு நடக்க வேண்டிய காரியம். பாடத்திட்டக் குழுக்கள் பெரும்பாலும் சாட்சியை முதலில் அழைத்துவிட்டு, பிள்ளையைப் பிறகு அழைக்கின்றன.

நுண்கணிதம் பள்ளிக்குள் வந்த வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் கிளைன் 1905ஆம் ஆண்டு, அன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்திருந்த மெரான் நகரில் உருவான சீர்திருத்தத் திட்டத்தின் உயிர்நாடியாக விளங்கினார். ஒன்று மாற மற்றொன்று எவ்வாறு மாறுகிறது என்னும் சார்புச் சிந்தனையே பள்ளிக் கணிதத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் கருத்து. பிரான்சு 1902ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலேயே வகைக்கெழுவைப் பள்ளிக்குள் கொண்டுவந்திருந்தது. பிரஷ்யாவின் பள்ளிகளில் அது முறையாக இடம்பெற 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிளைன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இங்கிலாந்தில் பொறியாளர் ஜான் பெரி 1901ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில், தொழிற்கூடத்துக்குப் போகும் இளைஞனுக்குப் பயன்படும் வகையில் கணிதத்தைக் கற்பிக்க வேண்டும் என்று போர்க்கொடி தூக்கினார். 1910இல் சில்வானஸ் தாம்சன், நுண்கணிதத்தை எளிதாக்கிக் காட்டும் ஒரு சிறு நூலை முதலில் தம் பெயரைப் போடாமலே வெளியிட்டார். அறிஞர்கள் அஞ்சி மறைத்து வைத்த வித்தையைத் தெருவில் போட்டுடைப்பதுபோல் அந்நூல் பேசியது. நூறாண்டுக்குப் பின்னும் அச்சில் இருக்கிறது.

இவர்கள் யாவரும் நுண்கணிதத்தைக் கதவாகவே கண்டனர். நாளடைவில் அது சல்லடை ஆயிற்று. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு முந்தும் மாணவர்கள், அது தங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று பாராமல், விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியும் என்பதற்காகவே நுண்கணித வகுப்பில் போய் அமர்ந்தனர். 2012ஆம் ஆண்டு அந்நாட்டின் கணிதச் சங்கமும் கணித ஆசிரியர் தேசியக் குழுவும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டு, நுண்கணிதத்தை எட்டிப் பிடிப்பதே பள்ளிக் கணிதத்தின் இலக்கு ஆகிவிடக் கூடாது, அடித்தளம் உறுதியாவதே முதன்மை என்று எச்சரிக்க வேண்டிய நிலை வந்தது. கணிதத்தையே தொழிலாகக் கொண்டவர்கள், எங்கள் பாடத்துக்கு இவ்வளவு விரைந்து ஓடி வராதீர்கள் என்று கேட்டுக்கொண்ட விந்தை வேறு துறைகளில் அரிது.

நிரலாக்கத்தின் கதைக்குத் திரும்புவோர் மற்றொரு விந்தையைக் காண்பர். சோவியத் பள்ளிகளுக்கு மெல்லமெல்லக் கணிப்பொறிகள் வந்தன. யெர்ஷோவ் 1988ஆம் ஆண்டு மறைந்தார். தண்ணீர் வந்துவிட்டது, இனி நீந்தலாம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. 1990களில் அப்பாடம் பல பள்ளிகளில், கணிப்பொறியில் கடிதம் தட்டச்சு செய்வது எப்படி, அட்டவணை போடுவது எப்படி, கோப்பைச் சேமிப்பது எப்படி என்னும் பயிற்சியாகச் சுருங்கியது. கணிப்பொறி இல்லாதபோது பிள்ளைகள் நிரலைக் கற்றனர். கணிப்பொறி வந்தபின் பொத்தான்களைக் கற்றனர்.

இது அந்நாட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. இங்கிலாந்தில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்னும் பெயரில் நடந்த பாடமும் இதே பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அரசவைக் கழகம் 2012ஆம் ஆண்டு அதைக் கடுமையாகக் குறைகூறி அறிக்கை வெளியிட, 2014 செப்டம்பரில் ஐந்து வயதிலிருந்தே நிரலை அறிமுகப்படுத்தும் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியலின் முதல் தொகுதி பல ஆண்டுகள் 'ஸ்டார் ஆபீஸ்' என்னும் அலுவலக மென்பொருளை விளக்குவதிலேயே செலவாயிற்று. எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை இருக்கிறது என்று பொதுத்தேர்வுக்கு மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அந்த மென்பொருள் இன்று வழக்கில் இல்லை. மனப்பாடம் மட்டும் சிலருக்கு இன்னும் மறக்கவில்லை.

நுண்கணிதத்தின் பக்கம் நின்று வாதிடுவோர் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வர். லைப்னிட்ஸ் 1675ஆம் ஆண்டு தம் குறிப்பேட்டில் முதன்முதலாக நீட்டி வரைந்த தொகையீட்டுக் குறி இன்றும் பதினொன்றாம் வகுப்புக் கரும்பலகையில் அப்படியே நிற்கிறது. நிரல்மொழிகளுக்கு அந்த ஆயுள் இல்லை. அமெரிக்க மேனிலை மாணவர்க்கான கணிப்பொறி அறிவியல் தேர்வு 1984இல் பாஸ்கல் மொழியில் தொடங்கியது. 1999இல் சி++ மொழிக்கும் 2004இல் ஜாவாவுக்கும் மாறியது. இருபதே ஆண்டுகளில் மூன்று மொழிகள். தமிழ்நாட்டில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் வைத்தன. ஒரே மாணவர் இரண்டே ஆண்டில் இரண்டு மொழிகளின் நிறுத்தற்குறிகளை மனத்தில் ஏற்ற வேண்டியவராகிறார். இலக்கணம் மாறிக்கொண்டே இருக்கும் மொழியை எழுத்தறிவு என்று எப்படிச் சொல்வது?

இக்கேள்விக்கு யெர்ஷோவின் தாள் அட்டவணையே விடை. வரிசை, நிபந்தனை, மீள்செய்கை, மாறியின் மதிப்பு ஆகிய நான்கும் 1985இலும் இருந்தன. இன்றைய பைத்தானிலும் இருக்கின்றன. இவை மாறவில்லை. மாறிக்கொண்டிருப்பது இவற்றின் மேலாடை. மேலாடையைப் பாடமாக வைத்துவிட்டு, பாடம் நிலைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

இன்னொரு வாதம் அண்மைக் காலத்தில் வலுத்திருக்கிறது. இயல்பான மொழியில் கேட்டால் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022ஆம் ஆண்டுக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. இனிப் பிள்ளைகள் எதற்கு நிரல் எழுதக் கற்க வேண்டும் என்பது அவ்வாதம். இதே வாதம் நுண்கணிதத்தின் வாசலில் முன்பே வந்து நின்றது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த டிஐ-92 என்னும் கைக்கருவி, வகைக்கெழுவையும் தொகையீட்டையும் குறியீடாகவே கண்டு சொல்லிவிட்டது. அதற்காக எந்த நாடும் நுண்கணிதத்தைப் பள்ளியிலிருந்து விரட்டிவிடவில்லை. இயந்திரம் எழுதித் தரும் நிரல் சரியா என்று பார்ப்பவர், அதை ஒருமுறையேனும் தாளில் நடத்திப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிறர் எழுதித் தரும் மனுவில் கைந்நாட்டு வைப்பவருக்கும், படித்துப் பார்த்துக் கையெழுத்து இடுபவருக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குப் புதியதன்று. எழுத்தறிவு என்னும் உவமை 1981இல் இருந்ததைவிட இப்போதுதான் கூடுதலாகப் பொருந்துகிறது.

அப்படியானால் எதைக் கட்டாயமாக்குவது? விருப்பப் பாடமாக விட்டுவிட்டால் போதும், வேண்டியவர் படிக்கட்டும் என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஒரு தீர்ப்பு. இங்கிலாந்தின் அனுபவம் அதற்கு எதிராக நிற்கிறது. பதினாறு வயதில் எழுதும் கணிப்பொறி அறிவியல் பொதுத்தேர்வு அங்கே விருப்பத்துக்கு உரியது. அரசவைக் கழகம் 2017ஆம் ஆண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, 54 விழுக்காட்டுப் பள்ளிகள் அத்தேர்வுக்கான பாடத்தை நடத்தவே இல்லை என்றும், அதைத் தேர்ந்தெடுத்த மாணவர்களில் ஐவரில் ஒருவரே பெண் என்றும் தெரிய வந்தது. விருப்பம் என்பது பதினான்கு வயதில் வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டில் கணிப்பொறி இருந்த பிள்ளைக்கு, 'இது உனக்கு வரும்' என்று யாரேனும் முன்பே சொல்லிவிட்ட பிள்ளைக்கு அது இருக்கும், மற்றவர்க்கு இராது. கட்டாயப் பாடம் என்பது தானாக வந்து கேட்காத பிள்ளைக்குப் பள்ளி தரும் வாக்கு. அந்த வாக்கைக் கடைசி வரிசையில் இருப்பவரிடமும் காப்பாற்ற முடியுமா என்பதே உரைகல்.

அவ்வுரைகல்லில் உரசினால் நிரலாக்கம் தேறுகிறது. குறியீட்டு நுண்கணிதம் முழுமையாகத் தேறவில்லை. குறியீட்டோடு நுண்கணிதம் கற்க, அதற்கு முன் இயற்கணிதமும் கோணவியலும் சில ஆண்டுகள் கைவந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு நிற்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் கணிதமில்லாப் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்கும் இல்லை. நிபந்தனையும் மீள்செய்கையும் ஆறாம் வகுப்பிலேயே புரியும். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலைப் பள்ளிப் பருவத்திலேயே நிரல் சார்ந்த செயல்பாடுகள் இடம்பெற வேண்டும் என்கிறது. அக்கொள்கையின் மற்றக் கூறுகளைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த கருத்து வேறுபாடுகள் தனிப் பேச்சுக்கு உரியவை; இந்த ஒரு கூறு வயதைச் சரியாகவே கணித்திருக்கிறது. ஆகவே பத்தாம் வகுப்பு முடிய நிரலாக்கம் அனைவருக்கும் கட்டாயம், கல் விழும் கணக்கை ஒத்த கணக்குகள் அதற்குள்ளேயே இடம்பெறுதல், குறியீட்டு நுண்கணிதம் அதன்பின் விரும்புவோர்க்கு என்பதே ஏற்கத்தக்க வைப்பு முறை. இதற்குப் பொதுத்தேர்வு வைக்காதிருப்பது நன்று. வைத்தால், ஐந்து மதிப்பெண் வினாவுக்குரிய நிரல்கள் இவை என்று பத்து நிரல்களை அச்சிட்டு விற்கும் வழிகாட்டி நூல் அடுத்த மாதமே கடைக்கு வந்துவிடும்.

இம்முடிவுக்கு எதிராக ஒன்று சொல்லியாக வேண்டும். சோவியத் சோதனையில் நிலைத்து நின்றது நுண்கணிதமே. 1978இல் கல்மகோரவின் சீர்திருத்தம் அறிவியல் கழகத்திலேயே கடுந்தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஆயினும் அவர் பதிப்பித்த 'இயற்கணிதமும் பகுப்பியலின் தொடக்கமும்' என்னும் பாடநூல், நாடு மாறியும், பல்லாண்டுகள் பள்ளிகளில் வாழ்ந்தது. அதற்குச் சுண்ணக்கட்டியும் கணித ஆசிரியரும் போதுமாக இருந்தனர். நிரலாக்கப் பாடத்தைத் திசைதிருப்பியதோ, அதற்கு உதவ வந்த இயந்திரம். இதிலிருந்து நுண்கணிதமே மேல் என்று முடிவு கட்டலாம். நிரலாக்கத்தையும் சுண்ணக்கட்டியோடு கற்பிக்கலாம் என்றும் முடிவு கட்டலாம். இரண்டாவது முடிவுக்குத் தமிழ் வகுப்பறையில் ஓர் ஆதாரம் இருக்கிறது.

தமிழில் வழிமுறைக் கணக்குகளுக்குக் குறைவில்லை. கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளிருக்கும் சுளைகளை எண்ணுவதற்கு ஒரு விதி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பலாப்பழம் அந்த விதிக்குக் கட்டுப்படுகிறதா என்பது வேறு கதை. ஆனால் அது உள்ளீடும் படிகளும் வெளியீடும் கொண்ட நிரல் என்பதில் ஐயமில்லை. அதைவிடச் செறிவானது நன்னூலின் புணரியல். நிலைமொழியின் ஈறு இன்னது, வருமொழியின் முதல் இன்னது எனில், இடையில் தோன்றுவது இன்னது, திரிவது இன்னது, கெடுவது இன்னது என்று அடுக்கிச் செல்லும் அந்நூற்பாக்களைப் போல் நிபந்தனையைச் சுருங்கச் சொன்ன எழுத்து வேறு பாடநூல்களில் கிடைப்பது அரிது.

உடம்படுமெய்யை எடுத்துக்கொள்ளலாம். உயிரீற்றின் முன் உயிர் வந்தால், ஈறு இ, ஈ, ஐ எனில் யகர மெய். ஏகாரம் எனில் இரண்டும் வரும். பிற உயிர் எனில் வகர மெய். இதைப் பிள்ளைகள் 'எனில், இல்லையேல்' என்னும் வடிவில் தாளில் எழுதட்டும். எழுதியதும், ஒருவர் இயந்திரமாக நின்று சொற்களை வாங்கட்டும். 'மணி', 'அடித்தான்' என்று கொடுத்தால் 'மணியடித்தான்' என்று சரியாக வரும். 'பூ', 'அழகு' என்று கொடுத்தால் 'பூவழகு'. 'சே', 'அடி' என்று கொடுத்தால் இயந்திரமாக நிற்கும் பிள்ளை திகைக்கும். சேயடி என்பதா, சேவடி என்பதா? இரண்டும் சரி என்று ஆசிரியர் சொல்லலாம். இயந்திரத்துக்கு அது போதாது. எதை எப்போது என்று எழுதியவரே தீர்மானித்துத் தர வேண்டும். மொழியை ஆளும் உரிமை எங்கே தொடங்குகிறது என்று அப்பிள்ளை அங்கே அறியும்.

அடுத்துப் பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை 'நாடு', 'அழகு' என்று எழுதி நீட்டும். இயந்திரம், எழுதியபடியே, 'நாடுவழகு' என்று சொல்லும். வகுப்பு சிரிக்கும். எங்கே பிழை? விதியைப் பின்பற்றியதில் பிழையில்லை. விதி எழுதியவர் குற்றியலுகரத்தை மறந்துவிட்டார். ஈறு உயிரா என்று கேட்பதற்கு முன்னால், அது கெடும் உகரமா என்று கேட்கும் ஒரு வரியை எல்லாவற்றுக்கும் மேலே சேர்க்க வேண்டும். கீழே சேர்த்தால் பயனில்லை என்பதையும், ஏன் பயனில்லை என்பதையும், தாளை இன்னொரு முறை மேலிருந்து நடத்திப் பார்த்து அவர்களே கண்டுபிடிப்பார்கள். 'எழில்' போன்ற தமிழ் நிரல்மொழிகள் உருவாகியிருக்கின்றன. கருவி உள்ள பள்ளிகள் அதே விதியை அவற்றில் ஓட்டிப் பார்க்கலாம். கருவி இல்லாத பள்ளியில் அந்த மணிவேளைக்கு வேண்டியவை ஒரு கரும்பலகை, ஒரு நன்னூல், 'நாடுவழகு' என்று கேட்டதும் கோபிக்காத ஒரு தமிழாசிரியர்.